மேலே இருப்பது பூட்டு

அத்தியாயம் 9

மத்தியானம் பன்னிரண்டேகால் மணிக்கு ஜெயப்பிரியா ஷெட்டுத் தூணில் இருந்த அந்த டேப்லெட்டின் முன்னால் நின்றாள். நாலு மணிக்கு மேஸ்திரி கங்காதரன் குற்றத்தை ஒத்துக்கொள்ளும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் இருப்பது மூன்றே முக்கால் மணி நேரம். வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. பத்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து விசாரித்தவள். நசுங்கிய கையையும் எரிந்த முகத்தையும் ஃபைலுக்குள் வைத்து வைத்து, உள்ளே ஏதோ ஒன்று மரத்துப்போய்விட்டது. அந்த வேலையை விட்டு அம்பத்தூர் ஓ.டி.யில் மாடியறை பிடித்துத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் அது திரும்பி வரவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், கேஸ் பார்த்தாள்.

"இன்னா மேடம், அத்தையே மொறச்சிகினு கீறீங்க? உங்க மாமியார் போட்டோவா மாட்டி வெச்சிகீது?" என்றான் துலுக்கானம்.

துலுக்கானம் அவளுடைய உதவியாளன். மேனாம்பேட்டுக்காரன். இருபது வருடம் ஆட்டோ ஓட்டியவன், இப்போதும் ஓட்டுகிறான். தன்னை வேலைக்கு வைத்ததே ஆட்டோவுக்காகத்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவான். உண்மையில் அவனுடைய வாய்க்காகத்தான் வைத்தாள். அவன் பேசிக்கொண்டே இருந்தால் அவள் பேச வேண்டியதில்லை.

கேஸ் இதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள இந்த நவகோடி பிரஸ் கம்பெனியில் இரும்புத் தகடு அழுத்தும் பவர் பிரஸ்கள் பதினாலு. ஒன்பது நாள் முன்னால் ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் தகடு சிக்கி, மெஷின் பாதியில் நின்றது. மேஸ்திரி கங்காதரன் தூணில் மாட்டியிருக்கும் டேப்பில் மெஷினை ஓடாதபடி பூட்டிவிட்டு, "போடு கையை" என்றார். அமல்ராஜ் கையை விட்டான். மெஷின் இறங்கியது. இருபத்தாறு வயதுப் பையனுக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

டேப்பின் பதிவு சொன்னது: காலை 10.42, எண் 7, விடுவி, கங்காதரன். அதாவது அவர் பூட்டவில்லை, ஓடவிட்டிருக்கிறார். டேப்பில் உள்ள ஆப்பை மூன்று தடவை சோதித்தாகிவிட்டது, குறை ஒன்றுமில்லை. 'என் அஜாக்கிரதையால்' என்று கடிதம் தயார். அதில் கையெழுத்து விழுந்தால் முப்பத்தொரு வருட சர்வீஸ் கொண்ட மனிதர், ரிட்டையராக ஏழு மாதம் இருக்கையில், போலீஸ் கேஸோடு வெளியே போவார். கங்காதரன் மறுக்கவே இல்லை. போடுகிறேன் என்றுவிட்டார். ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் கை போன அமல்ராஜ்தான். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து போன் போட்டு ஜெயப்பிரியாவை அமர்த்தியவனும் அவனே. "நைனா பண்ணல மேடம். கண்டுபுடிச்சிக் குடுங்க" என்று மட்டும் சொன்னான். மேஸ்திரியை அவன் நைனா என்றுதான் கூப்பிடுவான்.

"பாருங்க மேடம், நானே காட்டறேன்" என்றார் மேனேஜர் தினகரன். இஸ்திரி கலையாத சட்டை. ஒரு கண் எப்போதும் தன் போனில். பட்டியலை மேலே தள்ளி, ஏழாம் எண்ணின் மேல் விரலை அழுத்திப் பிடித்தார். அதன் கீழேயே ஒரு சின்ன மெனு குதித்துத் திறந்தது. மேலிருந்து மூன்று வரிகள்: பூட்டு, பழுது எழுது, விடுவி. மேல் வரியைத் தொட்டார். பிரஸ்ஸின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"சின்னப் புள்ள கூடத் தப்பு பண்ணாது."

"முன்னாடி சாவி போட்டுப் பூட்டுவாங்களாமே?"

"ரெண்டு வருஷம் முன்னாடியே எடுத்தாச்சு. எல்லாம் டிஜிட்டல்."

துலுக்கானம் டீக்குப் போகிற சாக்கில் ஷெட்டு ஆட்களிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அவள் காதருகே ரகசியம் மாதிரி, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"இங்க ஒர்த்தனும் அத்தப் படிக்கறது கெடயாது மேடம். எண்ணெய்க் கை, கிளவுஸு. மேஸ்திரிக்குக் கண்ணாடி பாக்கெட்ல தூங்கும். மேல கீறது பூட்டு, கீழ கீறது விடுவி. அதான் இங்க பாடம்."

அவள் தலையாட்டினாள். ஆனால் கண் வேறெங்கோ போயிருந்தது. ஆயுத பூஜை முடிந்து பதினேழு நாள். ஷெட்டு முழுக்கச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. பிரஸ்களுக்குப் பொட்டு. சுவிட்ச் போர்டுக்குப் பொட்டு. ஃபேனுக்கு, ஸ்டூலுக்கு, தண்ணீர் மோட்டாருக்குப் பொட்டு. சாமிக்கு வைத்த பொட்டைத் துடைக்க யாருக்கும் மனசு வராது, அதுவாக உதிர வேண்டும்.

டேப் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"இதுக்குப் பொட்டு வைக்கலையா?"

"டேப்புக்கு யாரு மேடம் பொட்டு வைப்பாங்க?" என்று தினகரன் சிரித்தார்.

"நெருப்பு அணைக்கிற மண்ணு வாளிக்கே வெச்சிகீறாங்களே சார்," என்றான் துலுக்கானம். "வாசல்ல என் ஆட்டோவ ஒரு பத்து நிமிசம் உட்டா அதுக்கும் வெச்சிருப்பாங்க. இத்த மட்டும் ஒதுக்கி வெச்சிட்டாங்களா?"

தினகரனுக்கு அப்போது பார்த்து ஒரு போன் வந்தது. மணி அடிக்காமலே வந்தது.

வாசலுக்கு வந்ததும் துலுக்கானம் தன் மச்சினனைக் கூப்பிட்டான். எஸ்டேட்டில் பாதிக் கம்பெனிக்கு ஆயுத பூஜைப் பொரியும் பூசணியும் சப்ளை செய்கிறவன் அவன். போன இடத்திலெல்லாம் பூஜையோடு சேர்த்துத் தன்னையும் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைக்கிற ஆசாமி. பத்து நிமிடத்தில் நவகோடியின் படம் வந்தது. மச்சினன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, அவன் தோளுக்குப் பின்னால் தூண். தூணில் டேப். கண்ணாடியின் மேல் பாதியில், உள்ளங்கை அகலத்துக்கு அப்பிய சந்தனம், நடுவில் குங்குமம்.

"யாரோ தொடச்சிட்டாங்க மேடம்."

"ம். ஐயப்பன்தாங்கல் போ."

"பொட்டுக்கும் ஐயப்பன்தாங்கலுக்கும் இன்னா சம்பந்தம்?"

"ஆப் பண்ணின பொண்ணு அங்கதான் இருக்கு."

மதுரவாயலில் சிக்கி, போரூரில் சிக்கி, பஸ் டிப்போ எதிரே இருந்த அந்த இரண்டாம் மாடிக்குப் போய்ச் சேரும்போது ஒன்றே முக்கால். ஸ்வாதி கரூர்ப் பெண். ஆறு பேர் வேலை செய்கிற சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. டிபன் பாக்ஸ் திறந்தபடி இருந்தது, சாதத்தில் கை வைத்த அடையாளம் இல்லை. விபத்து நடந்ததிலிருந்தே இப்படித்தான் என்று அவள் முகம் சொல்லிற்று.

"ஆப்ல தப்பு இல்லைங்க மேடம். ஏழாம் எண்ணையே மூணு தடவை டெஸ்ட் பண்ணினோம்."

"இந்தப் புது மெனு எப்ப வந்தது?"

"விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் அப்டேட் ஏத்தினாங்க. அதுக்கு முன்னாடி எந்த மெஷினைத் தொட்டாலும் பெட்டி திரைக்கு நடுவுலதான் வரும். இப்ப தொட்ட இடத்துக்குப் பக்கத்துலயே வரும்."

"திரையில ஒரே நேரத்துல எத்தனை மெஷின் தெரியும்?"

"ஏழு."

"அப்ப பட்டியலைத் தள்ளாம விட்டா ஏழாம் எண் எங்க இருக்கும்?"

"கடைசியில. அடி ஓரத்துல."

"வழக்கமா எப்படிப் பண்ணுவாங்க?"

"மேல தள்ளி, கண்ணுக்கு நேரா கொண்டு வந்து அழுத்துவாங்க. நாங்களும் அப்படித்தான் டெஸ்ட் பண்ணினோம்."

"மேல் பாதியைச் சந்தனம் மறைச்சிருந்தா?"

ஸ்வாதிக்குப் புரியவில்லை. ஜெயப்பிரியா படத்தைக் காட்டினாள். அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், மச்சினனின் பல்லைப் பார்த்தாள், பிறகு டேப்பைப் பார்த்தாள்.

"அப்ப தள்ள மாட்டாங்க. கீழேயே வெச்சு அழுத்துவாங்க."

"அழுத்திக் காட்டு."

ஸ்வாதி தன் போனில் அந்த ஆப்பைத் திறந்து, அடியில் இருந்த ஏழாம் எண்ணை அழுத்திப் பிடித்தாள். "கீழ இடமில்லன்னா பெட்டி மேல் பக்கமாத் திறக்கும். அது எல்லா ஆப்லயும் உள்ளதுதான்..." அவள் குரல் நின்றது. பெட்டி மேல் பக்கமாகத் திறந்திருந்தது. மேலிருந்து மூன்று வரிகள்: விடுவி, பழுது எழுது, பூட்டு.

"வரிசை ஏன் திரும்பியிருக்கு?" என்றாள் ஜெயப்பிரியா.

"முதல் ஆப்ஷன் எப்பவும் விரலுக்குப் பக்கத்துல இருக்கணும்னு... கீழ திறந்தா பூட்டு மேல வரும். மேல திறந்தா பூட்டு கீழ வரும். விரலுக்கு ரெண்டுலயும் பக்கம்தான்." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "படிச்சுப் பார்த்துட்டுத்தான் தொடுவாங்கன்னு நினைச்சேங்க மேடம். சத்தியமா."

வரியைப் படித்துத் தொடுகிறவர்கள் ஐயப்பன்தாங்கல் இரண்டாம் மாடியில் இருக்கிறார்கள். இடத்தைப் பார்த்துத் தொடுகிறவர்கள் எஸ்டேட்டில் இருக்கிறார்கள். நடுவில் பதினாலு கிலோமீட்டர், யாரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஜெயப்பிரியாவுக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. அவள் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"யார்கிட்டயாவது கேட்டியா?"

"எழுதிக் கேட்டேங்க." நவகோடி ஆட்களோடு பேசும் குழுவின் உரையாடலைத் திறந்து காட்டினாள். நாலு வரியில் தெளிவாகக் கேட்டிருந்தாள்: பெட்டி மேல் பக்கம் திறந்தால் வரிசை தலைகீழாகும், உங்கள் ஆட்களுக்குப் பரவாயில்லையா? கீழே தினகரனின் பதில். எழுத்து ஒன்றும் இல்லை. உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று.

"அம்மாடி. பதினோரு செகண்டுல கட்டைவெரலா?" என்றான் துலுக்கானம், நேரத்தைப் பார்த்து. "எங்க ஸ்டாண்டுல சவாரி கேட்டா கூட இதவிட யோசிப்பானுங்க."

ஜெயப்பிரியா அந்தப் பக்கத்தைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு, பழைய பழக்கத்தில், உரையாடலை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினாள். இந்த மாற்றத்தை முதலில் கேட்டது யார் என்று பார்க்க வேண்டுமே.

கேட்டவர் பெயர் இருந்தது. செய்தியும் இருந்தது.

'எங்க மேஸ்திரிக்குக் கண்ணு சரியா தெரியல. பெட்டி எங்கியோ நடுவுல வருது, தேடறாரு. கேட்டா ஒத்துக்க மாட்டாரு. வெரலுக்குப் பக்கத்துலயே வந்தா நல்லாருக்கும். அவருகிட்ட சொல்ல வேணாம். - அமல்ராஜ், பிரஸ் செக்ஷன்.'

துலுக்கானம் அவள் தோளுக்கு மேல் எட்டிப் படித்தான். படியிறங்கி, ஆட்டோவைக் கிளப்பி, வானகரம் சிக்னல் வரும்வரை அவன் வாயே திறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது நடந்ததே கிடையாது.

"நம்மள அமர்த்தினவனே..." என்று ஆரம்பித்தான்.

"ரோட்டைப் பாரு."

நவகோடிக்குள் நுழையும்போது மூன்று ஐம்பது. தினகரனின் அறையில் மேஜை மேல் கடிதம், அதன் மேல் பேனா. எதிரே கங்காதரன், சீருடைச் சட்டையோடு, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சு நிமிஷம் ஷெட்டுக்கு வாங்க" என்றாள் ஜெயப்பிரியா. "பிரஸ்ஸோட மெயினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. விளக்கு மட்டும் எரியட்டும்."

ஷெட்டின் சாமி படத்தடியில் இருந்த சந்தனத்தைத் துலுக்கானம் குழைத்து வந்து, மச்சினன் அனுப்பிய படத்தில் இருந்தபடியே டேப்பின் மேல் பாதியில் அப்பினான். ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கூடினார்கள்.

"ஏழாம் நம்பரை வழக்கம்போலப் பூட்டுங்க மேஸ்திரி."

கங்காதரன் கிளவுஸ் மாட்டினார். பட்டியலைத் தள்ளவில்லை. அடியில் இருந்த ஏழை அழுத்திப் பிடித்தார். பெட்டி மேல் பக்கமாகத் திறந்தது. பழக்கப்பட்ட விரல் மேல் வரிக்குப் போயிற்று. ஏழாம் நம்பர் பிரஸ்ஸின் தலையில் பச்சை விளக்கு எரிந்தது.

ஷெட்டில் நின்றவர்கள் விளக்கையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இது ஆப் கம்பெனி தப்பு" என்று தினகரன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

ஜெயப்பிரியா தன் போனை நீட்டினாள். "இந்தக் கட்டைவிரல் யாரோடது சார்?"

அவர் பார்த்தார். இரண்டாம் முறை பார்த்தார். சட்டை இப்போது கொஞ்சம் கலைந்திருந்த மாதிரி இருந்தது.

"பொட்டைத் துடைச்சது?"

"விபத்துக்கு மறுநாள் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றார்னு... டேப் அசிங்கமா இருக்கேன்னு... வேற எண்ணம் இல்ல மேடம்."

"மண்ணு வாளி மட்டும் அழகா இருந்துச்சா சார்?" என்றான் துலுக்கானம். யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

"விபத்து ரிப்போர்ட்டை நீங்க திரும்ப எழுதணும்" என்றாள் ஜெயப்பிரியா. "சாவியை எடுத்ததிலிருந்து ஆரம்பிங்க. நீங்க எழுதலன்னா இந்தப் படத்தோட நான் எழுதுவேன்."

கேஸ் முடிந்தது. ஆனால் அவள் கங்காதரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் மேல் தப்பில்லை என்று கேள்விப்படுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அழுவார்கள், கத்துவார்கள், உட்கார்ந்துவிடுவார்கள். இந்த மனிதர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அகப்பட்டுக்கொண்டவரைப் போல நின்றார். அவரைத் தனியாகத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப் போனாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

கங்காதரன் தலையாட்டினார். "அன்னிக்கே தெரியும்மா. பெட்டி மேல் பக்கமா வந்தத பாத்தேன். வெரல் அதுக்குள்ள போயிடுச்சி. அது தப்புன்னு ஒறைக்கறதுக்குள்ள மெஷினும் எறங்கிடுச்சி."

"ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா கேப்பாங்க? இத்த மாத்தச் சொன்னது யாருன்னு கேப்பாங்க." அவர் கிளவுஸைக் கழற்றினார். "மொத நாளு சாயங்காலம் நான்தான் அப்டேட் ஏத்தினேன். 'அமல்ராஜ் அவர்களின் யோசனைப்படி'ன்னு ஒரு சீட்டு மாரி வந்துச்சி. கண்ணாடி போட்டுப் படிச்சேன். அந்தப் பையன் என் கண்ணுக்காகக் கேட்டுகீறான்னு தெரிஞ்சிது. அவன் எங்கிட்ட சொல்லல, நானும் கேட்டுக்கல. காலைல டீ வாங்கிக் குடுக்கணும்னு நெனச்சேன். அதுக்குள்ள பத்தே முக்கால் ஆயிடுச்சி."

"வரிசையைத் திருப்பச் சொல்லி அவன் கேட்கல. பக்கத்துல வரணும்னு மட்டும்தான் கேட்டான்."

"கை இல்லாம படுத்துகினு கீறவங்கிட்ட அந்த வித்தியாசத்த நீ சொல்லிப் புரியவெச்சிடுவியாம்மா?" என்றார் கங்காதரன். "கை போனதே போதும். தன்னாலதான் போச்சின்னு அவன் வேற தெரிஞ்சிகினு ஆயுசுக்கும் கெடக்கணுமா? எனுக்கு ஏழு மாசம். என் மேலயே போவட்டும்."

"கையெழுத்து வேண்டாம். தினகரன் அனுப்பின கட்டைவிரல் ஒண்ணு போதும். அதுக்கு மேல இருக்கிற செய்தியை நான் படம் எடுக்கல."

"அமலுக்குச் சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

அவர் குழாயைத் திறந்து முகம் கழுவ ஆரம்பித்தார். நாலு பத்து. தினகரனின் மேஜை மேல் பேனா அப்படியே கிடந்தது.

வாசலில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. அமல்ராஜ்.

"போட்டாரா மேடம்?"

"போடல. இனிமே போட வேண்டாம்." சந்தனத்தைச் சொன்னாள், வரிசையைச் சொன்னாள், கட்டைவிரலைச் சொன்னாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அமல்ராஜ் எல்லாவற்றையும் கேட்டு முடித்தான். பிறகு, "அதுக்கு மேல ஒரு மெசேஜ் இருந்திருக்குமே மேடம். பாத்தீங்களா?"

"அப்படி ஒண்ணும் இல்லையே."

"பொய் சொல்றீங்க. அது நான் அனுப்பினது." குரல் சாதாரணமாக இருந்தது. "ஆஸ்பத்திரில ரெண்டாம் நாளே தோணிடிச்சி. மொத நாளு வரைக்கும் ஒழுங்கா இருந்தது, பெட்டிய மாத்தின மறுநாள் காலைல எப்டித் தப்பாவும்? எப்டின்னுதான் புரியல. அதுக்குத்தான் உங்கள கூப்ட்டேன்."

"முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நேரா நைனாகிட்ட போய்க் கேட்டிருப்பீங்க. அவரு கண்ணுக்காகத்தான் நான் கேட்டேன்னு தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாரு மேடம். எனுக்குக் கைதான போச்சி. அவருக்கு இது தெரியவே கூடாது. சொல்ல மாட்டீங்கல்ல?"

ஜெயப்பிரியா பத்து நிமிடத்தில் இரண்டாவது முறையாக அதே வார்த்தையைச் சொன்னாள்.

"மாட்டேன்."

கங்காதரன் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டைத் தாண்டி வந்தார். "அமலுவா? இன்னா சொல்றான்?"

"உங்களைப் பார்க்கணுமாம்."

"என்னியா? நான் அவன் மூஞ்சிய எப்டிம்மா பாக்கறது? இன்னா பேசறது?"

"ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல உட்காருங்க, போதும்."

அவர் ஏறி ஓரமாக உட்கார்ந்தார். துலுக்கானம் கண்ணாடியில் இரண்டு பேரையும் பார்த்தான். ஏதோ சொல்லப் போனவன் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினான். ஜெயப்பிரியா முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஆஸ்பத்திரி இருக்கும் திருமுல்லைவாயில் வரும்வரை அழுதுகொண்டே போனாள்.